நாடக இயக்கம் பயில்வோருக்கு எது தொழில்துறை?

நாடக இயக்கத்தில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் ஒவ்வொரு மாணவரும் படிப்பின் ஒரு பகுதியைத் தொழில்துறை நிறுவனம் ஒன்றில் கழித்தே தீர வேண்டும் என்ற கருத்து மலேசியக் கல்வி வட்டாரங்களில் கேட்பாரின்றி நிலைபெற்று வருகிறது. மலாயில் ‘லாத்திஹான் இண்டஸ்திரி’ எனப்படும் தொழில்துறைப் பயிற்சி, அதாவது மாணவரைச் சில மாதங்கள் ஒரு பணியிடத்தில் அமர்த்தி அங்கே செய்த வேலைக்கு மதிப்பெண் வழங்கும் முறை, பொறியியலிலும் கணக்கியலிலும் வேரூன்றிய பின் கலைப் பட்டங்களுக்கும் பரவியது. ஈராண்டு பல்கலைக்கழகத்திலும் ஈராண்டு தொழில்துறையிலும் கற்கும் ‘2யூ2ஐ’ வகைப் பட்டங்களை உயர்கல்வி அமைச்சு 2010களின் பிற்பகுதியில் முன்னெடுத்த பிறகு, பணியிடத்தில் கழித்த நாள்களே கல்வித் தரத்தின் அளவுகோல் என்ற எண்ணம் மேலும் வலுத்தது. இளங்கலையில் வழக்கமாகிவிட்ட இம்முறையை முதுநிலை இயக்குநர் பயிற்சிக்கும் நீட்டிப்பதே அடுத்த படி என்று சொல்லப்படுகிறது. அந்தப் படி தவறான திசையில் எடுத்துவைக்கப்படுகிறது என்பதையும், ஈப்போவுக்குத் தெற்கே உள்ள சிம்பாங் பூலாய் போன்ற ஓர் ஊரில் நின்று பார்த்தால் அத்தவறு தெளிவாகவே தெரிகிறது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த்தரப்பின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதே அதன் அடிப்படை. அதன்மேல் நான்கு காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நாடகம் செய்து பழகவேண்டிய கலையாதலால் வகுப்பறைக்குள் அது முழுமை பெறாது என்பது முதற்காரணம். வரவுசெலவு, கால அட்டவணை, அரங்க வாடகை, பலதரப்பட்ட கலைஞர்களை ஒருங்கிணைத்தல் ஆகிய நடைமுறை ஒழுங்குகளைப் பணியிடமே கற்பிக்கும் என்பது இரண்டாவது. அறிமுகங்கள் இல்லாத இளம் இயக்குநருக்குக் கதவுகள் திறப்பதில்லை, அந்த அறிமுகங்களைப் பயிற்சிக் காலமே பெற்றுத்தரும் என்பது மூன்றாவது. பட்டம் முடித்தவர் வேலையின்றி நிற்பதைப் பெற்றோரும் அரசும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பது நான்காவது. இவற்றுள் முதற்காரணம் முழு உண்மை. மற்ற மூன்றிலும் உண்மையின் கூறுகள் உண்டு. ஆயினும் இந்நான்கிலிருந்தும் ‘ஆகவே தொழில்துறை நிறுவனத்துக்கு அனுப்புக’ என்ற முடிவு பிறப்பதில்லை. காரணங்களுக்கும் முடிவுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைத்தான் பின்வரும் மறுப்புகள் ஒவ்வொன்றாகச் சுட்டுகின்றன.

1. எந்தத் தொழில்துறை?

இல்லாத வீட்டுக்கு விருந்தாளியை அனுப்ப முடியுமா? தொழில்துறை என்ற சொல் தொடர்ந்து இயங்கும் நிறுவனங்களையும், நிலையான ஊழியர்களையும், ஆண்டு முழுவதும் நடைபெறும் உற்பத்தியையும் குறிக்கிறது. ஜெர்மனியில் ஏறத்தாழ 140 நாடக அரங்குகள் பொது நிதியில் இயங்குகின்றன. அவற்றில் நிலையான நடிகர் குழுவும், ஒரு பருவத்தில் மாறி மாறி மேடையேறும் நாடகங்களும், துணை இயக்குநர் என்ற ஊதியம் பெறும் பதவியும் உள்ளன. பிரிட்டனில் 1960இல் தொடங்கிய வட்டார அரங்குகளின் இளம் இயக்குநர் திட்டம், பயிற்சி பெறுவோரை ஒரே அரங்கில் நீண்ட காலம் ஊதியத்துடன் தங்கவைக்கிறது. அங்கெல்லாம் தொழில்துறைப் பயிற்சி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

மலேசியத் தமிழ் நாடகத்தின் நிலை வேறு. ஒரு காலத்தில் இம்மண்ணிலும் நாடகம் ஒரு தொழிலாக இருந்தது. 1880களில் பினாங்கில் பார்சி நாடகத்தின் தாக்கத்தால் தோன்றிய மலாய் இசை நாடகமான பங்சாவான், கட்டணம் பெற்று ஊர் ஊராகச் சென்ற குழுக்களால் வளர்ந்தது; தமிழகத்து நாடகக் கம்பெனிகளும் கப்பலேறி மலாயாவுக்கு வந்து நாடகம் நடத்தின. திரைப்படம் அந்தச் சந்தையைக் கைப்பற்றிய பிறகு, தமிழ் நாடகத்தைத் தாங்கியவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் ஒத்திகைக்குக் கூடிய ஆசிரியர்களும் அலுவலர்களும் தொழிலாளர்களுமே ஆவர். வாடகை மண்டபத்தில் ஓரிரு இரவுகள் நாடகம் நிகழும், பிறகு குழு கலையும். அடுத்த நாடகம் எப்போது என்பது எவருக்கும் தெரியாது. இது கலைத் தொண்டு, சில வேளைகளில் பெரும் கலையும் ஆகும். ஆனால் மாணவர் ஒருவரை நான்கு மாதங்கள் ஏற்று, ஒழுங்காகப் பணி அளித்து, மதிப்பிட்டு அனுப்பக்கூடிய தொழில்துறை அன்று.

ஆகவே ‘தொழில்துறை’ என்ற பெயரில் மாணவர் சென்றடைவது தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்புத் தளத்தையும், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்களையும், விளம்பரக் குழுக்களையும்தான். இவை மதிப்புக்குரிய தொழில்களே. ஆனால் கேமரா நகரும் கோணத்துக்கேற்ப நடிகரை நிறுத்தும் கலையும், அணைக்கவோ திருப்பவோ முடியாத உயிருள்ள பார்வையாளர் கூட்டத்தின்முன் இரண்டு மணி நேரத்தின் தாளத்தைக் கட்டமைக்கும் கலையும் வெவ்வேறானவை. மிருதங்கம் பயில வந்தவரை வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டும் ஒலி சார்ந்தவை என்று நிறைவடைவது போன்றது இது.

2. இயக்கத்தை அருகில் நின்று கற்க முடியுமா?

பொறுப்பை ஏற்காதவர் இயக்குநராவதில்லை. பனுவலைத் தேர்தல், அதன் உட்பொருளை விளக்குதல், நடிகரைத் தெரிவுசெய்தல், மேடையில் உடல்களின் இடத்தையும் அசைவையும் வகுத்தல், ஒரு காட்சி தளரும்போது எதை வெட்டுவது என்று முடிவெடுத்தல், அம்முடிவு தவறானால் பார்வையாளர்முன் அதன் விளைவைச் சுமத்தல் ஆகிய அனைத்தும் ஒரே மனிதரிடம் குவியும் வேலைக்கே இயக்கம் என்று பெயர். தமிழ்க் கூத்து மரபு இப்பொறுப்பை ஏற்றவரை வாத்தியார் என்றும், ஈழத்துக் கூத்து மரபு அண்ணாவியார் என்றும் அழைத்தது; இரண்டு பெயர்களும் கற்பிப்பவரையும் பொறுப்பாளரையும் ஒன்றாகவே குறிப்பது கவனத்துக்குரியது.

ஒளியமைப்பு, ஒலி, உடை, மேடை நிர்வாகம் ஆகியவற்றுக்குப் பணியிடப் பயிற்சி பெரிதும் ஏற்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒளி பயில்பவர் முதல் நாளே ஒரு விளக்கைக் கட்டலாம். அது உண்மையான வேலையின் உண்மையான பகுதி. இயக்கத்தை அவ்வாறு பகுத்துக் கொடுக்க முடியாது. நிறுவனம் பயிற்சி மாணவரிடம் அரை முடிவை ஒப்படைக்காது. ஒப்படைக்கவும் கூடாது, ஏனெனில் அதன் பணமும் பெயரும் அந்த முடிவில் தங்கியிருக்கின்றன. எனவே மாணவருக்கு எஞ்சுவது பிரதி எடுத்தல், வருகைப் பதிவு, பொருள்களைச் சுமத்தல், தொலைபேசியில் அழைத்தல் ஆகிய சுற்றுவேலைகளே. போதாக்குறைக்கு, பல்கலைக்கழகப் பருவமும் நாடகத் தயாரிப்பின் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒத்திகையின் நடுவில் வந்து சேர்ந்து அரங்கேற்றத்துக்கு முன்பே விடைபெறும் மாணவர், பனுவல் எவ்வாறு நாடகமாகிறது என்ற முழு வட்டத்தை ஒரு முறைகூடக் காண்பதில்லை.

3. பழைய கம்பெனிகள் பயிற்சிக்கூடங்கள்தாமே?

வரலாறு தங்கள் பக்கம் நிற்பதாக எதிர்த்தரப்பினர் சொல்வதுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் நாடகம் கற்றனர். பின்னாளில் தமிழ் மேடையையும் திரையையும் ஆண்ட பலர் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் பிள்ளைகள். பணியிடமே பள்ளியாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கப்படுகிறது.

சான்று உண்மையானது, அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் தவறு. அந்தக் குழுக்களில் கற்றல் நிகழ்ந்ததற்குக் காரணம் மூன்று கூறுகள் ஒன்றாக அமைந்ததே. ஒரே வாத்தியாரின்கீழ் ஆண்டுக்கணக்கில் இருத்தல், ஒரே நாடகத்தைப் பல ஊர்களில் பல இரவுகள் ஆடித் திருத்திக்கொள்ளுதல், சிறு வேடத்திலிருந்து பெரு வேடத்துக்கும் பின்னர் கற்பிக்கும் பொறுப்புக்கும் படிப்படியாக உயர்தல் என்பனவே அவை. இன்றைய தொழில்துறைப் பயிற்சியில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை. மேலும் அந்தக் கம்பெனிகள் சிறுவர்களின் உழைப்பை உறிஞ்சியும் வாழ்ந்தன. கடுந்தண்டனையும் அற்ப ஊதியமும் அங்கே வழக்கமாக இருந்தன. அம்முறையின் கொடுமையை மட்டும் வேறு வடிவில் தக்கவைத்துக்கொண்டு அதன் நற்கூறுகளைக் கைவிடுவது மரபைப் பின்பற்றுவதாகாது.

4. செலவை யார் ஏற்கிறார்?

பயிற்சி இலவசமன்று, அதன் விலையை ஒரு குடும்பம் கொடுக்கிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்; ஊழியருக்கு இதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்பது அரசின் விதி. பல்கலைக்கழகம் அனுப்பும் பயிற்சி மாணவர் ஊழியராகக் கருதப்படாததால் அந்த ஊதியம் அவருக்கு உரியதாவதில்லை. கிடைப்பது நிறுவனம் மனமுவந்து தரும் உதவித்தொகை, அல்லது அதுவும் இல்லை. நிறுவனங்கள் கோலாலம்பூரிலும் அதன் புறநகர்களிலும் குவிந்திருப்பதால், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஈப்போவைச் சூழ்ந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மாணவர் அங்கே அறை எடுத்து, உணவுக்கும் போக்குவரத்துக்கும் செலவழித்து, ஊதியமற்ற வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு தனி மாணவரின் துன்பத்தோடு முடிவதில்லை. பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன பிறகு, லயங்கள் எனப்பட்ட தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளிலும் சுற்றுப்புற வீடமைப்புகளிலும் குடியேறின. அக்குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒருவர் நாடக இயக்கம் படிக்க வருவதே அரிது. வந்தவரிடமும், நான்கு மாதம் சம்பளமின்றித் தலைநகரில் தங்க முடிந்தால் மட்டுமே பட்டம் என்று சொன்னால், தாங்க முடிந்தவர் தங்குவார், முடியாதவர் விலகுவார். எவருடைய வாழ்க்கை மேடையில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டிருக்கிறதோ அவர்களே இயக்குநர் வரிசையிலிருந்து முதலில் வடிகட்டப்படுவர். வேலைவாய்ப்பைப் பெருக்குவதாகச் சொல்லும் விதி, யார் கதை சொல்லலாம் என்பதைப் பணத்தால் தீர்மானிக்கும் விதியாக மாறுகிறது.

5. பல்கலைக்கழகம் சந்தையின் பின்னால் நடக்க வேண்டுமா?

இன்று விற்பதை இன்றைய நிறுவனம் கற்பிக்கும். நாளை தேவைப்படுவதை யார் கற்பிப்பார்? ஆசியாவின் நாடக வரலாற்றில் பல்கலைக்கழகங்கள் சாதித்த பெரும் மாற்றங்கள் தொழில்துறையின் வழியே வந்தவை அல்ல. 1956இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை உருவாக்கியபோது, அவர் நாடிச் சென்றது நாடகம என்ற சிங்களக் கூத்து வடிவின் மரபு ஆசான் ஒருவரையே. அதே பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ தொடங்கி ‘இராவணேசன்’ முதலான கூத்துகளைத் தயாரித்தபோது, மட்டக்களப்புக் கிராமங்களின் அண்ணாவியார்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே களரியில் நின்றனர். விடிய விடிய நிகழ்ந்த கூத்து, அதன் ஆட்டமும் பாட்டும் சிதையாமல், நவீன அரங்கின் கால அளவுக்குள் வந்தது. அம்மாணவர்களுள் ஒருவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் ஈழத்து அரங்கின் முதன்மையான இயக்குநரும் ஆய்வாளரும் ஆனார். பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இதே வழி பலன் தந்தது: தமிழகத்தில் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, புரிசை ஊரின் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் மரபோடு கொண்ட உறவால் தன் நடிகர்களின் உடல்மொழியைக் கண்டடைந்தது.

இவற்றில் எதையும் அன்றைய சந்தை கேட்கவில்லை. அன்றைய தமிழ்த் தொழில்துறை என்பது சினிமாவும் சபா நாடகமுமே. மாணவர்களை அங்கே அனுப்பியிருந்தால் அவர்கள் அவற்றையே திருப்பிச் செய்திருப்பார்கள். மலேசியாவிலும் இதற்குச் சான்று உண்டு. தோட்டத்தை இழந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவனைப் பற்றி 2015இல் வெளிவந்த ‘ஜகாட்’ என்ற திரைப்படம், வழக்கமான வணிகச் சூத்திரத்துக்கு வெளியே நின்று, 2016இன் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. சந்தை கேட்காததைச் செய்து, பின்னர் நாடே கேட்கும்படி ஆக்குவதுதான் கலைக்கல்வியின் பணி.

6. அப்படியானால் வகுப்பறையிலேயே இருக்கட்டுமா?

இல்லை, வெளியே செல்ல வேண்டும், ஆனால் செல்லும் இடம் மாற வேண்டும். சிம்பாங் என்ற மலாய்ச் சொல் சந்தியைக் குறிக்கும். பூலாய் என்பது தமிழர் ஏழிலைப்பாலை என அறிந்த மரம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் குன்றுகளையும் கற்சுரங்கங்களையும் கடந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதை பிரியும் இடமே சிம்பாங் பூலாய். இன்றைய பயிற்சிக் கொள்கை இத்தகைய ஊரை, திறமையுள்ள பிள்ளை விட்டுப் புறப்படவேண்டிய சந்தியாக மட்டுமே காண்கிறது. நாடக இயக்கம் பயில்பவர் வந்து தங்கவேண்டிய இடமாகவும் அதைக் காணலாம்.

இங்கே கற்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தொலைவில் இல்லை. அருகே பத்து காஜா வட்டாரத்தில் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடிவுறாமல் நின்ற மாளிகை உள்ளது. அதைக் கட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் கொள்ளைநோயில் மடிந்தபோது எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயிலின் சுதைச் சிற்பங்களுக்கிடையே அந்த முதலாளியின் உருவமும் இடம்பெற்றிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மாளிகையின் கதையைக் கேட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சிற்பத்தை அங்கே யார் எந்த மனநிலையில் வைத்தார்கள், இறந்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள், அச்சமா நன்றியா எது அந்த உருவத்தைத் தெய்வங்களுக்கிடையே ஏற்றியது என்ற கேள்விகளை மேடைக்குக் கொண்டுவருவது ஓர் இயக்குநரின் வேலை. திருவிழா இரவுகளில் தோட்டத்து மக்கள் ஆடிய கூத்தையும் இசை நாடகத்தையும் கண்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களுடைய நினைவு எந்த நூலகத்திலும் அடுக்கப்படவில்லை.

எனவே மாற்று ஏற்பாடு இவ்வாறு அமையலாம். முதுநிலை மாணவர் ஒரு முழுப் பருவம் ஓர் ஊரில் தங்க வேண்டும். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், முதியோர் ஆகியோருடன் சேர்ந்து ஒரு நாடகத்தை உருவாக்க வேண்டும். அதைப் பாலாய் ராயா எனப்படும் ஊர் மண்டபத்தில் ஒரு முறையும், அயலூர்கள் இரண்டில் ஒவ்வொரு முறையும், அதாவது மூன்று வேறுபட்ட கூட்டங்களின்முன், மேடையேற்ற வேண்டும். அவர் தங்கும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். நினைவையும் பாட்டையும் பகிரும் முதியவர்களுக்கு ஆசிரியருக்குரிய மதிப்பூதியம் வழங்க வேண்டும். மேற்பார்வையாளர் மூன்று நிகழ்ச்சிகளையும் நேரில் கண்டு, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே இயக்குநர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை மதிப்பிட வேண்டும். தொடர்ச்சியான தொழில்முறைப் பயிற்சியும் தேவை என்றால், டெல்லியின் தேசிய நாடகப் பள்ளி 1964இல் தனக்கென ஒரு நிலைக்குழுவை உருவாக்கியதைப் போல, இந்நாட்டுக் கல்வி நிறுவனங்களும் பட்டதாரிகள் ஊதியம் பெற்று ஆடும் பன்மொழிக் குழுக்களை உருவாக்கட்டும்.

இது சமூகப் பணி, கலைப் பயிற்சி அன்று என்ற மறுப்பு எழலாம். எதிர்த்தரப்பின் நான்கு காரணங்களோடு இந்த ஏற்பாட்டை ஒப்பிட்டாலே அந்த மறுப்பு நிலைக்காது. செய்து கற்றல் இதில் முழுமையாக நிகழ்கிறது. ஏனெனில் மாணவரே பொறுப்பாளர். வரவுசெலவும் கால அட்டவணையும் இங்கே கடுமையாகவே கற்பிக்கப்படுகின்றன. மாலை வேலை முடிந்து வரும் பத்து நடிகர்களை ஒரே நேரத்தில் கூட்டுவதைவிடக் கடினமான ஒருங்கிணைப்பு எந்த நிறுவனத்திலும் இல்லை. அறிமுகம் கிடைக்கிறது, அதுவும் நாளை அவருடைய நாடகத்துக்கு வந்து அமரப்போகும் மக்களிடமே கிடைக்கிறது. வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, மூன்று இடங்களில் மேடையேறிய ஒரு நாடகத்தைத் தன் பெயரில் காட்டக்கூடியவர், நிறுவனம் தந்த வருகைச் சான்றிதழை மட்டும் காட்டுபவரைவிடப் பின்தங்கியவராக இருக்க மாட்டார்.

கல்வி விதி ஒன்றை மதிப்பிடுவதற்கான அளவுகோல், அது படிவத்தில் எத்தனை நாள்களை நிரப்புகிறது என்பதில் இல்லை. அது முடிந்த பிறகு மாணவரால் முன்பு செய்ய முடியாத எதைச் செய்ய முடிகிறது என்பதில் இருக்கிறது. தொழில்துறைப் பயிற்சி முடித்த மாணவர், வேறொருவரின் முடிவு எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை அறிந்து திரும்புவார். ஊர் மண்டபத்தின் மின்விசிறிச் சத்தத்துக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே, முதல் ஊரில் கூட்டம் எழுந்து போனதைக் கண்டு, மூன்றாம் ஊரில் கூட்டத்தை அமரவைத்தவர், தன் முடிவின் எடையை அறிந்து திரும்புவார். நாடக இயக்கம் என்ற படிப்பு இந்த இரண்டாவது அறிவைத் தருவதற்காகவே இருக்கிறது. அதைத் தரும் ஊர் எதுவோ அதுவே அம்மாணவரின் தொழில்துறை.